துட்டி வீட்டில் உன் பாட்டு

என் தங்கக்கட்டி சங்கரா,

சாரல் ஆரம்பித்துவிட்டது. குற்றாலத்தில் நிற்க இடமில்லை. தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஈரத் துண்டும் எண்ணெய்த் தலையுமாக ஜனங்கள் திரிகிறார்கள். சீசனுக்குச் சீசன் ஒரு விடுதியில் நீ பாட்டுப் போடுவாயே, அந்த மேடையில் இப்போது வேறு யாரோ. நான் அந்தப் பக்கமே போகவில்லை.

அங்கேதான் நீ ஆரம்பித்தாய். அமெரிக்காவில் தாத்தா காலத்தில் ஆடிய ஸ்விங் இசையை, அதன் டிரம்பெட், கிளாரினெட்டோடு லேப்டாப்பில் ஏற்றி, அடியில் இந்தக் காலத்து டான்ஸ் தாளத்தைக் கோர்த்தாய். பண்பொழியில் ஒரு கல்யாணத்தில் பேண்டு செட்டுக்காரர் வாசித்த கிளாரினெட்டையும் பதிவுபண்ணி அதிலேயே சேர்த்தாய். "தாளம் கொஞ்சம் சாயணும்க்கா. நேரா நின்னா ஆட்டம் வராது" என்பாய். அப்புறம் சென்னை, பெங்களூரு, பெர்லின் என்று கூப்பிட்டார்கள்.

அம்மாவின் அண்ணன், நம் பெரிய மாமா மட்டும் மசியவில்லை. போலீஸிலிருந்து ஓய்வு பெற்றும் விசாரணையை விடாத மனுஷர். "ஏலே, இதுக்குப் பேரு பாட்டா? வெறும் இரைச்சல்லா!" நீ சிரித்துக்கொண்டே போய்விடுவாய். உள்ளே வலித்ததா உனக்கு? எனக்கு வலித்தது.

செங்கோட்டை ரோட்டில் உன் பைக் சறுக்கிய அன்று லேப்டாப் வீட்டில்தான் இருந்தது. நீ கடைசியாகச் செய்துகொண்டிருந்த பாட்டு அதற்குள் இருந்தது. அம்மாவுக்கு அதைக் கேட்டே ஆகவேண்டும். அன்னம் தண்ணி இறங்காமல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

பதினாறாம் நாள் படையலில் உன் போட்டோ பக்கத்தில் ஹெட்போனையும் வைத்து, அதற்கும் சந்தனப் பொட்டு இட்டாள். காரியம் முடிந்து எல்லாரும் உட்கார்ந்திருக்கையில் கேட்டாள்: "ஏட்டி செல்லம், அவன் பாட்டைப் போடுதியா?"

மாமா பதறிவிட்டார். "துட்டி வீட்ல பாட்டா? வருசம் திரும்புத மட்டும் டிவிகூட வைக்கப்பிடாது. ஊர் என்ன பேசும்?"

அம்மா அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. அன்று பேசினாள். "அண்ணாச்சி, நீங்கதான அது பாட்டே இல்லன்னு சொன்னீய?"

மாமா வாயைத் திறப்பதற்குள் நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

பண்பொழிக் கிளாரினெட் முதலில் வந்தது சங்கரா. அப்புறம் டிரம்பெட். நீ சொன்ன மாதிரியே தாளம் சாய்ந்து சாய்ந்து நடந்தது. சித்தியின் கால் தானாகத் தட்டியது. சட்டென்று உணர்ந்து சேலைக்குள் இழுத்துக்கொண்டாள். அம்மா கண்ணை மூடியிருந்தாள். எல்லாம் ஒன்றாக ஏறி, ஏறி, இதோ ஆடப்போகிறது என்கிற இடத்தில் நின்றுவிட்டது. அவ்வளவுதான் நீ செய்திருந்தாய்.

அம்மா கண்ணைத் திறந்தாள். "கரண்டு போயிட்டா?"

தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. மாமாதான் எழுந்து, "இரு, பார்க்கேன்" என்று வாசலுக்குப் போய் மீட்டர் பெட்டியைத் திறந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அங்கேயே வெகுநேரம் நின்றார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. ஏன் சங்கரா, நீ இருக்கையிலேயே ஒரு நாளாவது உன் பாட்டை இப்படிக் கேட்டிருந்தால் என்ன அவருக்கு?

மீதியை முடித்து வெளியிடலாமா என்று உன் சென்னைச் சினேகிதர் கேட்கிறார். நல்ல பிள்ளை, நன்றாகத்தான் செய்வார். ஆனால் அதற்கப்புறம் நீ என்ன நினைத்திருந்தாய் என்று அவருக்குத் தெரியுமா? எனக்கே தெரியாதே.

அதனால் ஒரு கையும் அதைத் தொட விடமாட்டேன். வருஷம் திரும்பட்டும், நீ விட்ட இடத்தோடு அப்படியே வெளியே அனுப்புகிறேன். கேட்கிறவர்கள் கரண்டு போய்விட்டதென்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும். கொஞ்ச நேரமாவது, திரும்ப வரும் என்று காத்திருப்பார்கள் அல்லவா?

உன்னைத் தூக்கி வளர்த்த,
செல்லம் அக்கா