நீங்கள் கேட்ட மூலையில் ஒரு வைன் பெட்டி

அக்கா,

இன்று முற்பகல் உங்கள் வீட்டுக் கூடம் முழுவதும் சாமான் உடையாமல் அடைத்துவரும் வெள்ளை ரெஜிபோமும் புதிய இறப்பரும் கலந்த ஒரு வாசம். பெரிய அட்டைப் பெட்டியொன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். மலையை வெட்டிக் கட்டிய உங்கள் வீட்டின் பின்சுவர் படிக்கட்டுக்குக் கீழே ஒரு மூலையாக மடங்குமே, பங்குனி வெயிலிலும் உள்ளங்கையை வைத்தால் சில்லிடுமே, அங்கே இப்போது கரிய கண்ணாடிக் கதவுடைய குளிர்சாதனப் பெட்டி ஒன்று நிற்கிறது. மீனுக்கோ பாலுக்கோ அல்ல. வைன் போத்தல்களுக்கென்றே செய்யப்பட்டது. அதைத் தெரிவு செய்தவர்களுள் நானும் ஒருத்தி. பிறர் சொல்லி நீங்கள் அறிவதை விரும்பாமையால் நானே எழுதுகிறேன்.

அந்த மூலையைத்தான் நீங்கள் கேட்டீர்கள். நோய் உங்களைப் படுக்கையில் தள்ளிய பின்பு மேல்மாடி அறையில் கிடத்தியிருந்தார்கள். தலைக்கு மேல் அஸ்பெஸ்டஸ் தகடு, மேற்கே பார்த்த ஜன்னல், கீழே அம்பிட்டிய வீதி. பேருந்து மேட்டில் திணறி ஏறும்போதெல்லாம் கட்டிலின் கால்கள் நடுங்கும். கீழ்த்தளத்தை உங்கள் மகன் மெல்பேர்னில் இருந்தபடியே வெளிநாட்டுப் பயணிகளுக்கு வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியை உங்கள் காதருகே பிடித்திருந்தவள் நான்.

“தம்பி, என்னைய கீழ எறக்கிப் போடச் சொல்லுய்யா. அந்தப் படிக்கட்டு மூலையில. மேல நெருப்பாக் காயுது.”

“அம்மா, கீழ கெஸ்ட் வர்ற எடம். அங்க நோயாளிக் கட்டில் கெடந்தா ரிவியூல எழுதிருவாங்கம்மா. கொஞ்சம் பொறுங்க, ஒரு ஃபேன் வாங்கித் தரச் சொல்றேன்.”

“சரிய்யா. நீ சாப்டியா?”

மின்விசிறி வந்தது. மின்சாரம் நின்ற பிற்பகல்களில் அதுவும் உங்களைப் போலவே அசையாமல் கிடந்தது. நான் பழைய கலண்டர் அட்டையால் விசிறினேன்.

பேச்சு குழறத் தொடங்கிய நாட்களில் என் கையைப் பற்றி ஒரு பணியை ஒப்படைத்தீர்கள். “அவன் வந்தா சொல்லு புள்ள. எனக்கு அவன் மேல ஒரு மனத்தாங்கலும் இல்லன்னு சொல்லு. ஒன் புத்தகத் தமிழ்ல சொல்லித் தொலைக்காத, பாவம், பயந்துருவான்.”

ஓராண்டுக்கு மேலாகிவிட்டது; அதை நான் அவரிடம் சொல்லவில்லை. உங்கள் இறுதிச் சடங்கின்போது சொல்லியிருக்கலாம். ஆண்டுத் திவசத்தன்று பக்கத்தில் அமர்ந்து சாப்பிட்டபோதும் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குள் ஒரு விதி வகுத்துக்கொண்டேன்: அவராகக் கேட்க வேண்டும். தாய் தன்னைப் பற்றி என்ன நினைத்தபடி போனாள் என்று அறியும் ஆவல் அவருக்குத் தோன்றும் நாளில், ஒரு சொல் குறையாமல் கொடுத்துவிடுவேன்.

நமக்கிடையே இருந்ததை நட்பென்று அழைத்தால் நீங்கள் சிரிப்பீர்கள். கம்பளைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, கண்ணில் பட்ட அச்செழுத்தையெல்லாம் படித்து என் மொழியை நானே கட்டிக்கொண்டவள் நான். நீங்களோ நகரத்துக் கடைக்காரர் வீட்டுப் பெண். அயலில் நான் குடிவந்த புதிதில் மற்றவர்களுக்குப் பூப்போட்ட கோப்பையிலும் எனக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளரிலும் தேநீர் தந்தீர்கள். பின்னொரு நாள் எனக்கும் கோப்பை வந்தது. நெகிழ்ந்துபோய் நன்றி கூற வாயெடுத்தேன். “ரொம்ப உருகாத. டம்ளர் ஓட்டையாயிருச்சு” என்றீர்கள். பசிக்கிறது என்பதற்குக்கூட எனக்கு ஒரு முன்னுரை வேண்டியிருக்கிறது என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்வீர்கள். நானும் உங்களை விட்டுவைத்ததில்லை. மகனுடைய புகைப்படத்தை நீங்கள் அன்றாடம் துடைப்பதைக் கண்டு, “உயிரோடிருப்பவருக்கு எதற்கு இந்த உபசாரம்? அழைத்தால் எடுக்கிறாரா?” என்று கேட்டேன். அன்று எனக்குத் தேநீரே கிடைக்கவில்லை.

சென்ற மாதம் அவர் மனைவியோடு நிரந்தரமாகவே வந்து சேர்ந்தார். இனி வாடகைக்கு ஆள் இல்லை. வீடு முழுவதும் அவர்களுக்கே. போன வாரம் என் வாசலில் காரை நிறுத்தி, “ஆன்டி, அந்த வீடு எங்கள விட ஒங்களுக்குத்தான் நல்லாத் தெரியும். ஒரு சாமான் எடுக்கணும், கூட வாங்க” என்றார். சென்றேன். கேட்பதற்கு அவருக்கு ஒரு வாய்ப்பு அமையட்டும் என்றுதான் சென்றேன்.

கடையில் எங்களைக் கவனித்தவர் திகனையிலிருந்து வந்துபோகும் ஒரு விற்பனையாளர், பொறுமைசாலி. இரண்டு பெட்டிகளை அருகருகே காட்டினார்.

“இதுல கம்ப்ரஸர் இல்ல சேர். சத்தமும் இல்ல, அதிர்வும் இல்ல. ஆனா வைக்கிற ரூம் சூடுன்னா இதுக்குத் தாங்க ஏலாது. மத்தது கொஞ்சம் உறுமும், ஆனா கூலிங் பிடிச்ச பிடி விடாது.”

“அதிர்வு ரொம்ப முக்கியம்” என்றார் உங்கள் மகன். “வைன்ங்கிறது உள்ளுக்குள்ள உயிரோட இருக்கிற சாமான். ஆட்டுனா கெட்டுரும். ரோட்டுப் பக்கமே வைக்கக் கூடாது.”

“வெயிலும் படக் கூடாது” என்றார் மருமகள். “கருப்புக் கண்ணாடிதான் வேணும். அப்புறம் ரெட்டுக்கு ஒரு சூடு, வைட்டுக்கு ஒரு சூடு. ரெண்டு தட்டும் தனித்தனியா செட் பண்ணலாமா?”

“செய்யலாம் மேடம். போத்தலப் படுக்க வைங்க. நிறுத்தி வெச்சா தக்கை காஞ்சிரும்.”

“கரண்ட் போனா?” என்றார் உங்கள் மகன்.

“கதவத் தொறக்காம இருந்தா கொஞ்ச நேரம் தாங்கும்.”

“இல்ல இல்ல, ரிஸ்க் எடுக்க ஏலாது. இன்வேட்டர் ஒண்ணும் போட்டுருவோம்.”

நான் ஒரு கதிரையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு பரிவு, அக்கா! வெக்கை ஆகாது, வெளிச்சம் ஆகாது, வீதியின் குலுக்கல் ஆகாது, மின்சாரம் ஒரு கணமும் நிற்கலாகாது, தக்கையின் ஈரம் காயலாகாது. உங்கள் உதடு வெடித்திருந்ததைக் காணொளி அழைப்பில் பார்த்து, “அம்மாவுக்கு யாராச்சும் ஏதாவது பூசி விடுங்க” என்று சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்த அதே குரல்தான் இவ்வளவையும் அறிந்திருந்தது. அறியாமையால் உங்களை அங்கே விட்டுவைத்தார் என்று அதுவரை என்னால் எண்ண முடிந்தது. அந்த வசதியையும் அந்தக் கடை என்னிடமிருந்து பறித்துக்கொண்டது.

அப்போது அவர் என் பக்கம் திரும்பினார்.

“ஆன்டி, நம்ம வீட்டுல ரொம்பக் குளிர்ந்த எடம் எது?”

“படிக்கட்டின் கீழுள்ள பின்சுவர் மூலை” என்றேன். “உங்கள் அம்மா நன்கு அறிந்த இடம்.”

அந்தச் சொல் அவரைச் சுடவில்லை. “ஓ, ஆமா ஆமா! பாடி வெச்சிருந்த எடம் தானே?”

“ஐயோ, அங்கயாங்க?” என்றார் மருமகள்.

“அதான் பெஸ்ட் எடம். அன்டர்டேக்கரோட ஆளே சுவரத் தொட்டுப் பாத்துத்தானே வெச்சானாம்.”

விற்பனையாளர் ஏற்கெனவே பளபளத்த கண்ணாடியைத் துணியால் மீண்டும் துடைக்கத் தொடங்கினார்.

அவர் சொன்னது உண்மைதான். மகன் வரும்வரை தாயின் உடலைப் பதப்படுத்தி வைப்பது நம் ஊர் வழக்கம். வெளிநாட்டுப் பிள்ளைகள் மிகுந்துவிட்ட பின் அது ஏறக்குறைய சட்டமாகிவிட்டது. சவப்பெட்டிக் கடை ஆட்கள் உங்களுக்கு ஊசி போட்டு, வெள்ளைப் பட்டுடுத்தி மேலிருந்து இறக்கினார்கள். அவர்களுள் ஓர் ஆள் கூடத்தைச் சுற்றிவந்து மூலைச் சுவரில் கையை வைத்து, “இங்க வைங்க, மகன் வார வரைக்கும் ஒண்ணும் ஆகாது” என்றார். வாடகைக்கு வந்திருந்தவர்களை வேறு விடுதிக்கு அனுப்பினார்கள். உயிரோடு ஒரு நாளும் கிடைக்காத இடத்தில், விமானம் வந்து இறங்கும்வரை, குளிரக் குளிரப் படுத்திருந்தீர்கள். பார்க்க வந்த பெண்கள், “எவ்வளவு சாந்தமா இருக்காங்க பாருங்க” என்றார்கள். ஏன் இருக்க மாட்டீர்கள்?

பெட்டி அந்த இடத்தில் கொள்ளுமா என்று விற்பனையாளர் கேட்டபோது அளவைச் சொன்னவளும் நானே. வீட்டுக்குப் போய் அளந்துவர வேண்டியிருக்கவில்லை. உங்கள் கட்டில் அங்கே கொள்ளுமா என்று நான் முன்பே அளந்திருந்தேன். கொண்டது, பக்கத்தில் நான் அமர ஒரு முக்காலிக்கும் இடம் மிஞ்சியது. உறுமல் போத்தலை ஆட்டாது என்று விற்பனையாளர் உறுதி தந்த பின்பு, கூடத்து வெக்கை அங்கே எட்டினாலும் தாங்கட்டும் என்று கம்ப்ரஸர் உள்ளதையே எடுக்கும்படி சொன்னேன். அந்தச் சுவரில் ஈரம் உண்டு, பின்னால் ஒரு சாண் இடைவெளி விடுங்கள் என்றும் சொன்னேன். தவறான ஆலோசனை கூறி நாலு போத்தலைப் புளிக்க வைக்கும் சில்லறைப் பழிவாங்கல் என் தகுதிக்கு உரியதன்று.

இன்று பெட்டியை நிறுத்திய பின்பு உடனே மின்சாரம் கொடுக்கவில்லை. வண்டியில் குலுங்கி வந்ததால் சற்று நேரம் சும்மா நிற்க வேண்டுமாம். காத்திருக்கும் வேளையில் உங்கள் மகன் படிக்கட்டில் எனக்குக் கீழே இரண்டு படி தள்ளி அமர்ந்தார். நரை விழுந்துவிட்டது, அக்கா. கழுத்தின் பின்புறம் உங்களுடையதே.

“ஆன்டி, ஒண்ணு கேக்கட்டா?”

“கேளுங்கள், தம்பி.”

“அம்மா கடைசியில என்னையப் பத்தி ஏதாவது சொன்னாங்களா?”

கேட்டுவிட்டார். கண்ணும் கலங்கியிருந்தது, அதை மறைக்காமல் எழுதுகிறேன். என் விதிப்படி நான் வாய் திறந்திருக்க வேண்டும். திறந்தேன். சமையலறையிலிருந்து மருமகளின் குரல் வந்தது:

“ஏங்க, அவசரப்பட்டு பிளக்கப் போட்டுறாதீங்க! அது இன்னும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கட்டும்!”

“இல்லம்மா, போடல” என்று எழுந்தார். பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் பார்த்தார். “பாவம், வந்த களைப்பு” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மீண்டும் வந்து அமர்ந்தார். “சொல்லுங்க ஆன்டி.”

“ஒன்றும் சொல்லவில்லை, தம்பி.”

“ஒண்ணுமேவா?”

“ஒன்றுமே.”

அவர் முகத்தில் அது இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இடையில் பார்வையைத் திருப்பவில்லை. அவர் தலையசைத்தார், முழங்காலைத் தடவினார், பின்பு தண்ணீர் குடிக்கச் சென்றார்.

உங்கள் கோபம் எனக்குத் தெரியும். இறந்தவளின் சொல்லைத் தடுத்து வைக்க நீ யார் என்பீர்கள். நான் யாருமில்லை. விசிறியவள், அவ்வளவே. மன்னிப்பது உங்களுக்கு எளிதாக இருந்தது, அக்கா, நீங்கள் பெற்றவர். அதைச் சுமந்துபோய் அவர் கையில் கொடுத்து, அவர் நிம்மதியாக மூச்சு விடுவதையும் நின்று பார்த்துவிட்டு வா என்றீர்களே, அது மட்டும் என்னால் ஆகாது. தேயிலைக் கூடை சுமந்த பரம்பரை நான். சுமப்பதற்கு அஞ்சுபவள் அல்லேன். ஆகவே உங்கள் சொல்லை என்னிடமே வைத்துக்கொள்கிறேன். ஒரு எழுத்தும் கெடாமல் இருக்கிறது. நான் போகும்போது என்னோடு வரும்.

அவரிடம் அது போய்ச் சேர வேண்டுமென்றால், நீங்களே எழுந்து வந்து சொல்லுங்கள்.