உன் தம்பி கொண்டுவந்த கோடிச் சேலை

என் அருமை அம்மாவுக்கு,

உன் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ போன அன்று உன் தம்பி வந்தார், அம்மா. அவரை மாமா என்று கூப்பிட இன்னும் எனக்கு வாய் வரவில்லை. நம் ஜெலுத்தோங் ஃபிளாட்டுக்குக் கீழே, உனக்குக் கடைசியாகப் போர்த்தக் கோடிச் சேலையைத் தட்டில் ஏந்தி நின்றார். "பொறந்த வீட்டுக் கோடி இல்லாம பொம்பளைய எடுக்கக் கூடாதும்மா. இன்னிக்கு மட்டும் விட்டுக்கொடு லா," என்று அப்பா வழி அத்தை என்னிடம் கெஞ்சினார்.

நான் பள்ளிக்கூடத்தில் படிக்கையில் உன் தம்பி எனக்குச் செய்த பாலியல் கொடுமையை உன்னிடம் சொன்னதும், ஃபேக்டரி யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் என்னைப் போலீஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனாய். "தான் ஆடாட்டியும் தன் சதை ஆடும்பாங்க, தம்பிக்காக உனக்கு ஆடலையா?" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "ஆடுது. என் மகளுக்காக ஆடுது," என்றாய். எங்கிருந்து வந்ததம்மா அந்தத் துணிச்சல்?

சாட்சி போதவில்லை என்று அவர் வெளியே வந்தபோது நான் இடிந்துபோனேன். "கோர்ட்டு விட்டுருச்சு. நான் விடல," என்றாய். அதோடு பிறந்த வீட்டு வாசலை நீ மிதிக்கவே இல்லை. கல்யாண வீடுகளில் என்னை முன்வரிசையில் உட்காரவைத்தாய். அவர்தான் வராமல் ஒதுங்கினார். எனக்குக் கிடைத்த நியாயம் அதுதான். உன்னைப் போல் ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் நீ கேட்டது ஒன்றே ஒன்று. "அவன் கோடி என் மேல படக் கூடாது." அதனால் கீழே இறங்கிப் போனேன். "எடுத்துட்டுப் போங்க. அம்மாவுக்குப் பொறந்த வீடு நான்தான்," என்றேன். லிட்டில் இந்தியாக் கடைத்தெருவில் நீயே வாங்கி, உடுத்தாமல் வைத்திருந்த நீலச் சேலையைப் போர்த்தினேன். அத்தை முணுமுணுத்தார். ஆனாலும் மறுமுனையைப் பிடித்தது அவர்தான்.

நேற்றுச் சித்தி மகள் மாலா வந்தாள். உன் படத்துக்கு முன்னால் விளக்கேற்றினாள். "நீங்க அவரைத் திருப்பி அனுப்புனதைப் பார்த்தேன்கா. எனக்கும் அவரால அதே கொடுமைதான். இத்தனை வருசமா யார்கிட்டயும் சொல்லல," என்றாள்.

இப்போது புகார் கொடுக்க வேண்டும் என்கிறாள். நாளைக் காலையில் நான் கூடப் போகிறேன், அம்மா. கோர்ட்டு என்ன சொல்லுமோ தெரியாது. எது சொன்னாலும் அவளை நான் விடமாட்டேன். உன்மேல் சத்தியம்.

உன் மகள்,
மாலாவின் அக்கா