மேனேஜரைக் கேட்டு வந்தவள்

ஜூன் 3
காலையில் கதவைத் திறந்தால் வாசலில் மறுபடியும் ஓர் அட்டைப்பெட்டி. உள்ளே இரண்டு முயல்குட்டிகள், ஒரு வாடிய கேரட். கைவிட்ட முயல்களுக்கு வீடு தேடிக் கொடுக்கிறேன் என்றால், என் வாசல் என்ன குப்பைத்தொட்டியா? பிறந்தநாளுக்கு ஆசையாக வாங்கிக் கொடுக்க வேண்டியது, சலித்துப்போனால் 'மூக்குக்கண்ணாடிக் கடை அக்கா பாத்துக்கும்' என்று போட்டுவிட்டு ஓட வேண்டியது.

வீட்டுக்காரம்மா படியேறி வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்: "இது வீடா, பண்ணையா? மாசக் கடைசிக்குள்ள எல்லாம் போகணும். இல்லேன்னா நீங்க போகணும்."

ஜூன் 6
குட்டிகளைப் பற்றிக் கவலையில்லை, அழகுக்கு ஆள் வரும். தலைவலி மேனேஜர்தான். பூங்காவில் பிடிபட்ட சாம்பல் நிற முயல், தடியன். அவன் இருக்கும் அறைக்குள் யார் நுழைந்தாலும் பின்னங்காலால் தரையை டம்மென்று உதைப்பான். கேட்காமல் அவர் கேபினுக்குள் வந்துவிட்டோமாம். அதனால்தான் அந்தப் பெயர். கையை நீட்டினால் கடி.

இன்று பார்க்க வந்த ஆள், "கடிக்காத மாதிரி ஒண்ணு இல்லையா?" என்றார். பொம்மைக் கடைக்குப் போகச் சொன்னேன். தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். "நீ முயல் குடுக்கிறியா, பொண்ணு குடுக்கிறியா? வர்றவனையெல்லாம் இப்படி விரட்டினா நாம தெருவுலதான் நிக்கணும்."

ஜூன் 10
குட்டிகளும் மற்ற முயல்களும் வீடு கிடைத்துப் போய்விட்டன. மேனேஜர் மட்டும் மிச்சம். கட்டிலுக்கடியில் உட்கார்ந்து முறைக்கிறான்.

ஜூன் 12
என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. தங்கை போனில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெண் வந்தாள். பார்லர் நடத்துகிறாளாம். வழக்கம்போல, "கிட்டப் போகாதீங்க, கடிப்பான்" என்று எச்சரித்தேன். மேனேஜர் கட்டிலுக்கடியிலிருந்து வந்தான். கடிக்கவில்லை. அவள் காலைச் சுற்றிச் சுற்றி ஓடினான்! முயல் இப்படிச் சுற்றினால் குஷி என்று அர்த்தம். என்னை ஒருநாளாவது சுற்றியிருக்கிறானா?

அவள் அழ ஆரம்பித்தாள். எனக்குப் புரிந்துவிட்டது.

"நீங்கதானா?"

"கடையில வாங்கும்போது சாதுவா இருந்தான்க்கா. வளர வளர கடி, உறுமல். வாடிக்கையாளர் ஒருத்தங்க கையில ரத்தமே வந்துருச்சு. பூங்காவுல புல்லு நிறைய இருந்துச்சா, நல்லா இருப்பான்னு நினைச்சு—"

"நாய் இருக்கே, அது தெரியலையா? வீட்டுல வளர்ந்தது அங்க எத்தனை நாள் உயிரோட இருக்கும்? உங்களுக்கெல்லாம் மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

கத்தித் தீர்த்துவிட்டேன். அவள் ஒரு கட்டு கொத்தமல்லியை வைத்துவிட்டுப் போனாள். மேனேஜர் மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். வெட்கங்கெட்டவன்.

ஜூன் 13
பார்லர்காரி போன். எடுக்கவில்லை.

ஜூன் 14
மறுபடியும் போன். எடுக்கவே மாட்டேன்.

ஜூன் 18
கருத்தடை செய்தால் ஆண் முயலின் முரட்டுத்தனம் அடங்கும், அப்புறம் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்று டாக்டரிடம் கொண்டுபோனேன். மயக்க ஊசி போட்ட பிறகுதான் அவனைப் புரட்டிப் பார்க்க முடிந்தது. டாக்டர் வெளியே வந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"உங்க மேனேஜர் பொண்ணுங்க."

பொண்ணு! கருத்தடை செய்யாத பெட்டை முயல் தன் இடத்துக்குள் யாரையும் விடாது, உறுமும், கடிக்கும். வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் நான் எடுக்கும் பாடமே அதுதானே! கொழுத்த முகத்தைப் பார்த்து ஆண் என்று முடிவுகட்டினேன், கடிக்குப் பயந்து தூக்கியே பார்க்கவில்லை. அந்தப் பார்லர்காரிக்கும் கடைக்காரன் ஆண் என்றுதான் சொல்லியிருப்பான். அவள் ஏமாந்தாள், சரி. எனக்கு என்ன கேடு?

தங்கை விடுவாளா? "ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடுற. முதல்ல நீ ஒண்ணு மாட்டிக்க."

எப்படியோ, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

ஜூன் 19
சாப்பிடவில்லை. முயல் ஒருநாள் வயிற்றைக் காயப்போட்டாலே குடல் நின்றுவிடும். டாக்டர் கொடுத்த கஞ்சியை ஊசிக்குழாயில் ஊட்டினால் துப்புகிறாள். புல், கீரை, வாழைப்பழத் துண்டு, எதையும் தொடவில்லை. ஒரு மூலையில் சுருண்டுகொண்டு என்னைப் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறாள். உதைக்கக்கூட இல்லை. உதைடி, ஒரே ஒரு தடவை உதைச்சுத் தொலையேன்! எனக்குப் பயமா இருக்கு.

மதியம் வேறு வழியில்லாமல் நானே பார்லர்காரிக்குப் போன் போட்டேன்.

பாதி ஒப்பனையில் ஆளை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள், கையில் சாயம்கூடக் கழுவவில்லை. தரையில் குப்புறப் படுத்தாள். கொத்தமல்லியின் இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டுத் தண்டை மட்டும் நீட்டினாள். "தண்டுதான் பிடிக்கும், இலை பிடிக்காது." வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கறுக் கறுக்கென்று ஒரு சத்தம். நானும் அவளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அழுதோம்.

ஜூன் 28
மேனேஜரைப் பார்லர்காரியிடமே கொடுத்துவிட்டேன். போவதற்கு முன் ஒரு மணி நேரம் நிற்கவைத்துத் திட்டினேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். மறுபடியும் பூங்கா என்றால் நடப்பதே வேறு என்று சொல்லியிருக்கிறேன். வீட்டுக்காரம்மாவுக்குப் பரம திருப்தி. எனக்கு இன்னும் பார்லர்காரிமேல் கோபம் போகவில்லை. அது போகவும் வேண்டாம்.

ஜூலை 15
சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தேன். பார்லருக்குப் பின்னால் ஒரு அறை, பாய் விரித்து, ஜன்னலுக்கு வலை அடித்து வைத்திருக்கிறாள். மேனேஜர் அவள் காலடியில் நீட்டிப் படுத்திருந்தாள். நான் உள்ளே ஒரு காலை வைத்தேன்.

டம்.

"ஏய், அக்காடி! உன்னைக் காப்பாத்தின அக்கா!" என்று பார்லர்காரி பதறிப்போனாள்.

இத்தனை நாள் புல் போட்டது நான், கடி வாங்கியது நான். மேனேஜர் வீட்டுக்குள் கேட்காமல் நுழைந்தவளும் இப்போது நான்தான். நன்றி கெட்ட கழுதை. செருப்பை மாட்டிக்கொண்டு தெருவுக்கு வந்தும் எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.