எழுபத்தொன்பது முறை அடித்த மணி

ஹாலோகோட்
24 ஆகஸ்ட் 1954

அன்புள்ள ரோவீனா,

என் உடம்புக்கு ஒரு குறையுமில்லை. வான்கூவர் மழையில் நீயும் பிள்ளைகளும் இருமாமல் இருக்கிறீர்கள் என்றே நம்புகிறேன். உன் தம்பி கூரையில் ஓர் ஓடு மாற்ற வந்து இரண்டை உடைத்துவிட்டுப் போனான். ஊர் வரலாற்றை எழுதி முடிப்பதற்காகப் பாதிரியார் தேவாலயத்தின் பழைய பதிவேடுகளை என்னிடமே விட்டுவைத்திருக்கிறார். இந்தக் கடிதத்துக்குக் காரணமும் அவைதான்.

சென்ற செவ்வாய் நண்பகலில் சாவுமணி அடித்தது. முதலில் ஆறு, அதாவது பெண். பிறகு வயதுக்கு எழுபத்தொன்பது. வயலில் இருந்தவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டு யாரென்று விசாரித்தார்கள். யாருமே இறக்கவில்லை. மணியடிக்கும் ஏமஸ் வெளிறிப்போய் ஓடிவந்து, "மணிக்கயித்தைக் கழட்டி முறுக்கக் கொடுத்துப் பத்து நாளாச்சும்மா, கோபுரத்துச் சாவி இதோ என் இடுப்புல, சத்தியமா நான் குடிக்கல" என்றான். அவன் குடிக்காததே எனக்குப் பெரிய ஆச்சரியம்.

ஊரில் எழுபத்தொன்பது வயதானவள் பக்கத்து வீட்டு மில்லிசன்ட் ஒருத்திதான். அன்று படுத்தவள் எழவில்லை, ரொட்டியைத் தொடவில்லை. பயமே அவளைக் கொன்றுவிடும் போலிருந்தது. பதிவேடுகளைப் புரட்டினேன். 1731இலும் 1809இலும் இப்படியே ஆளில்லாமல் மணி அடித்திருக்கிறது. முதல் முறை நாற்பது; நாற்பது வயதுக்காரி நடுங்கிப்போய் உயில் எழுதினாள், இலையுதிர்ந்து முடியுமுன் செத்தவளோ முப்பத்தொன்பது வயதுக்காரி. இரண்டாம் முறையும் அதே ஓராண்டு வித்தியாசம். அக்காலத்தில் இங்கே முடிந்த வயதுக்கு அல்ல, நடக்கும் வயதுக்கே மணியடித்தார்கள். ஏமஸின் தாத்தா காலத்தில்தான் வழக்கம் மாறியது. மணிக்கு யாரும் தெரிவிக்கவில்லை போலும்.

எனக்கு மார்ச்சில் எழுபத்தெட்டு முடிந்தது.

மில்லிசன்டிடம் போய்ச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்து, "ஏண்டி ஹெஸ்டர், இதை முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? நல்ல கம்பளியையெல்லாம் தானம் பண்ணிட்டேனே!" என்று கத்தினாள். பிறகு விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். அதன்பின் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. நான் கிளம்பும்வரை என் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகளுக்குக் குளிர் தொடங்குமுன் கனத்த காலுறை வாங்கு. ஆண்டவர் உங்கள் எல்லோரையும் காப்பாராக. இந்த மணிக் கதையை நான் நம்புகிறவள் அல்ல. ஆனாலும் கிறிஸ்துமஸுக்கு எடுத்திருக்கும் பயணச்சீட்டைச் செப்டம்பருக்கு மாற்றிக்கொள்.

உன் அம்மா,
ஹெஸ்டர்