என் சர்க்கரைக்காக நீ சொன்ன பொய்

தோஸ்த்,

இன்று காலை வேலூர் டாக்டர் கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். உனக்குத் தெரியாததா? நீல மருந்தில் நம் சிறுநீரை விட்டுக் காய்ச்சுவார்கள். சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகும், இல்லாவிட்டால் நீலமாகவே நிற்கும். இன்று நீலமாக நின்றது. "பேஷ், மனசுல கவலை இல்ல போலிருக்கு" என்றார். எனக்கு அந்தக் குழாயைப் பிடுங்கித் தரையில் அடிக்க வேண்டும் போலிருந்தது. நீ செத்துக்கொண்டிருந்தபோதும் எனக்கு இதே நீலம்தான் வந்தது.

நம் இருவருக்கும் இந்த வியாதி ஒரே வருஷத்தில் வந்தது. தோல் பதனிடும் ஆம்பூர் டேனரியில் நீ சுண்ணாம்புத் தொட்டிகளுக்கு மேஸ்திரி, நான் பதனிடுவதற்கான ஆவாரம்பட்டையை நிறுத்து வாங்குகிறவன். பணக்கார வியாதி என்று ஊரில் சொன்னார்கள். "வியாதியாவது பணக்காரத்தனமா வந்துச்சே" என்று நீ சிரித்தாய். டாக்டர் அரிசியைக் குறைக்கச் சொன்னார், இனிப்பை விடச் சொன்னார், நடக்கச் சொன்னார். எனக்கு மட்டும் கூடுதலாக ஒன்று: கவலையைக் குறைக்க வேண்டும். ஆளைச் சரியாகத்தான் கண்டுபிடித்தார். பட்டை வண்டி வரக் கொஞ்சம் தாமதமானால் போதும், வண்டிக்காரன் செத்தே போனான் என்று முடிவுகட்டி விடுகிறவன் நான்.

என் கவலையைக் குறைக்கும் வேலையை நீ எடுத்துக்கொண்டாய். சாயங்காலம் வேலை விட்டதும் பாலாற்று மணலில் நடை. சட்டமும் உன்னுடையதுதான்: போகும்போது கவலை எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும், திரும்பும்போது அதைப் பற்றி மூச்சு விடக்கூடாது. "மூட்டைய வீட்டுக்குத் தூக்கினு வராத தோஸ்த், ஆத்துலயே போட்டுட்டு வா" என்பாய். மகள் கல்யாணம், தம்பியின் குடி, முதலாளியின் முகம் சுளித்த விதம் என்று நான் கொட்டித் தீர்ப்பேன். உன் முறை வந்தால், "எனக்கு இன்னா கவலை? நீ சொல்லு" என்பாய். நானும் நம்பினேன். கவலையே இல்லாத மனுஷன் ஒருவன் எனக்குச் சிநேகிதனாக வாய்த்தானே என்று பெருமை வேறு பட்டேன்.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் நீ பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தாய். தோல் ஊரில் பிறந்தும் வாழ்நாளெல்லாம் வெறுங்காலில் நடந்தவன் நீ. மணல் வேண்டாம், ரோட்டோரமாகப் போகலாம் என்றாய். "இன்னா, ரெண்டாங் கல்யாணமா?" என்று கேலி செய்தேன். நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாய். சுண்ணாம்புத் தண்ணீர் அரித்த புண் அந்தப் பூட்ஸுக்குள் இருந்தது. இந்த வியாதியில் கால் மரத்துப்போவதால் உனக்கே தாமதமாகத்தான் தெரிந்திருக்கும். தெரிந்த பிறகாவது சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தானே நடந்தேன், பாவி.

அப்புறம் மேல்விஷாரத்தில் அக்கா வீட்டுக் கல்யாணம், திரும்ப ஒரு மாசம் ஆகும் என்றாய். போனாய். டேனரியில் விசாரித்தால், "கல்யாண வூட்டுக் கறிசோத்த வுட்டுட்டு அவரு எங்க வரப்போறாரு?" என்று சிரித்தார்கள். வீட்டில் கேட்டால் என் மனைவி, "வருவாருங்க. நீங்க போய் நடந்துட்டு வாங்க" என்றாள். நான் தனியாக மணலில் நடந்தேன். திரும்பும்போது உன் சட்டப்படி எதையும் நினைக்காமல் வந்தேன். குழாயைக் காட்ட வேலூருக்குப் போனபோது நீலமாக வந்தது. அதே ஊரில் ஏதோ ஆஸ்பத்திரியில் நீ ஒரு காலை வெட்டி எடுத்துவிட்ட நிலையில் படுத்திருந்தாய். என்னைத் தவிர எல்லோருக்கும் அது தெரியும்.

என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லையே என்று எனக்குக் கோபம். கூப்பிடாவிட்டால் போகிறது என்று ஒரு சேலையும் பழமும் வாங்கிக்கொண்டு, வாலாஜா ரோட்டில் ரயில் இறங்கி, ஜட்கா பிடித்து உன் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். பந்தல் எதுவும் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து, "யாருங்க?" என்று உன் அக்காவின் குரல் வந்தது.

"ஆம்பூர்லேர்ந்து வர்றேன்க்கா. கல்யாணத்துக்கு."

திரைக்குப் பின்னால் அழுகைதான் வந்தது. "கல்யாணமா? ஐயோ தம்பி, உங்களுக்கு இன்னும் சொல்லலியா? அவன மண்ணுல வெச்சு ஒரு வாரம் ஆயிப்போச்சே."

"யாருமே சொல்லலியேக்கா."

"அவன்தான் எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டான். தோஸ்துக்கு சக்கரை ஏறிடும், அவன் தாங்கமாட்டான்னு."

பழக்கூடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன்.

உன் சந்தூக்குப் பெட்டியைத் தூக்க ஆம்பூரிலிருந்து பாதி டேனரி போயிருக்கிறது. அன்று தொட்டிப் பக்கம் வெறிச்சோடிக் கிடந்ததை நானும் பார்த்தேன். வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு பட்டை நிறுத்துக்கொண்டிருந்தேன். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, அதைச் செய்தாய். டாக்டர் கவலையைக் குறைக்கச் சொன்னார். உன்னைக் குறைக்கச் சொன்னாரா? எல்லாம் என்மேல் நீ வைத்த பிரியம்தான் என்கிறாள் என் மனைவி. இருக்கட்டும். இவன் தாங்கமாட்டான் என்று ஊரைக் கூட்டித் தீர்மானித்துவிட்டு, என்னை மட்டும் வெளியே நிறுத்திய பிரியம் எனக்கு வேண்டாம்.

அதற்குப் பிறகு யார் "ஒன்னுமில்ல" என்று சொன்னாலும் நான் நம்புவதில்லை. எழுந்துபோய் அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறேன். நீ எனக்கு விட்டுப்போன சொத்து அதுதான்.

போன மாசம் என் காலிலும் ஒரு கொப்புளம் வந்து உடைந்தது. பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள், "இன்னாப்பா, நொண்டுறே?" என்று கேட்டாள். நிறைமாசக்காரி, அவள் மனசு நோகக்கூடாது. "ஒன்னுமில்லம்மா" என்று வாய்வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் நானும் நீதான். காலை நீட்டி, "புண்ணு. வந்து பாரு" என்றேன். அவள் பார்த்தாள், அழுதாள், ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று திட்டினாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வெந்நீர் கொண்டுவந்து, என் காலைத் தன் மடியில் வைத்துக் கழுவினாள்.

நானும் இதைத்தான் செய்திருப்பேன். முதலில் அழுதிருப்பேன், உன்னைத் திட்டியிருப்பேன், பிறகு கழுவியிருப்பேன். எனக்குச் சர்க்கரை ஏறியிருக்கும். ஏறட்டுமேடா.