சின்ன மெஷின் போதும், அக்கா

அக்காவுக்கு,

நேற்று சாயங்காலம் சமையலறையில் இருந்தவர்கள்: நீ, அத்தான், நான், அப்போதுதான் பெட்டி பிரித்த எஸ்பிரஸ்ஸோ மெஷின். வாய் திறக்காமல் இருந்தது நானும் மெஷினும்தான்.

காபி கெட்டுப்போனதற்கு மெஷினில் ஒரு கோளாறும் இல்லை. அத்தான் காபிக்கொட்டையை மிக்ஸியில் அரைத்தார். பாதி மாவு, பாதி நொய். தண்ணீர் அதில் நிற்காமல் ஓடி, பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரிதான் காபி இறங்கும். கொட்டையை ஒரே சீராக அரைக்கிற கிரைண்டர் வேண்டும் என்று கடையிலேயே சொன்னேன். "அரைக்கத்தானே, நம்ம மிக்ஸி பத்தாதா மச்சான்?" என்று பளபளவென்று இருந்த பெரிய மெஷினைத் தூக்கிக்கொண்டார்.

வாங்கலாம் என்று ஆரம்பித்தவன் நான் என்பதால் பழி என் தலையில். "காலேஜை விட்டான், நைட் ஷிப்டை விட்டான், இதையும் ஒரு வாரத்துல விட்ருவான் பாரு" என்றாய். எனக்குக் கோபம்கூட வரவில்லை.

கடைக்காரரிடம் பேசிவிட்டேன். இதைக் கொடுத்துவிட்டு, அதே விலைக்குச் சின்ன மெஷினும் நல்ல கிரைண்டரும் எடுத்து வருகிறேன். அத்தானிடம் நீயே பக்குவமாகச் சொல்.

பால் காய்ச்சி மூடியிருக்கிறேன். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வை.

மிக்ஸி ஜாரை நன்றாகத் தேய்த்துக் கழுவியும் வாடை போகவில்லை. அடுத்து எதை அரைத்தாலும் காபி மணக்கும். அதை அத்தானுக்கே முதலில் பரிமாறு.

இன்னொன்று. விட்டுவிட்டுப் போகிறவன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போவான். நான் வைக்கவில்லை, பார்த்துக்கொள். கதவைச் சாத்தி, என் சாவியால் பூட்டிக்கொண்டு போகிறேன்.