கடுகளவு புளூட்டோ

நோர்ராஸ்
19 ஜனவரி 1979

புளூட்டோவின் காவலர் சிக்ஸ்டன் அவர்களுக்கு,

நெப்டியூனின் காவலரும், சட்டப்படி இன்னமும் உங்கள் மனைவியுமான ராக்னா எழுதுவது. நலமா என்று கேட்க மாட்டேன்.

சூரியக் குடும்பத்தின் மாதிரி என்று பள்ளிக்கூடத்தில் சூரியனை வைத்து, அளவுப்படி தள்ளித் தள்ளி ஊரார் ஆளுக்கொரு கிரகத்தைக் கம்பத்தில் ஒட்டி நட்டோமே, அதில் ஒரு திருத்தம். தலைமையாசிரியர் ஃபோல்க்கே நேற்று வந்தார். "பிப்ரவரி ஏழுலேர்ந்து இருபது வருஷத்துக்கு புளூட்டோ நெப்டியூனைவிட உள்ள வந்துடுதும்மா. அதோட பாதை கோணல். கம்பத்த மாத்தணும்" என்றார். அந்தக் கோணல் எனக்குத் தெரியாததா என்றேன்.

என் நெப்டியூன் கொல்லை வேலியில் இருக்கிறது. அங்கிருந்து பள்ளிக்கூடத்துப் பக்கம் பத்து மீட்டரில் உங்கள் கம்பம் வர வேண்டுமாம். நாடா பிடித்தேன். நம் சமையலறை மேசை வருகிறது. நான் என்ன செய்ய?

ராக்னா


ஏரிக் குடிசை
25 ஜனவரி

அன்புள்ள ராக்னா,

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, "இது பட்டாணி சூப்பா, பாத்திரம் கழுவுன தண்ணியா?" என்றேன். "புடிக்கலன்னா நடையக் கட்டுங்க" என்றாய். கட்டினேன். இருப்பதிலேயே தள்ளியிருக்கும் கிரகமாகக் கேட்டு வாங்கினேன். அதுவும் உன்னிடமிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர்தான்.

நாற்பது வருஷம் சாலை அளந்தவன் நான். நேற்று நீ கடைக்குப் போனபோது வந்து அளந்தேன். பத்து மீட்டர் உன் கோழிக்கூண்டில் முடிகிறது. மேசைக்கு இன்னும் நாலு மீட்டர் வேண்டும். கோழிகளோடு குடித்தனம் பண்ணச் சொல்கிறாயா? சொன்னால் யோசிக்கிறேன். தனியாகச் சாப்பிட்டு அலுத்துவிட்டது.

சிக்ஸ்டன்


நோர்ராஸ்
30 ஜனவரி

சிக்ஸ்டனுக்கு,

ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் வெட்டிய கணக்கு டீச்சர் நான். இன்று காலை கடப்பாரையோடு போய் நெப்டியூனைப் பிடுங்கி நாலு மீட்டர் வீட்டுப் பக்கமாக நட்டேன். மண் உறைந்து கிடக்கிறது, இடுப்பு போயிற்று. ஃபோல்க்கேயிடம் மூச்சு விடாதீர்கள். இப்போது அளந்து பாருங்கள், மேசைதான் வரும்.

நீங்கள் இல்லாமல் வீடு எனக்குப் பிடிக்கவில்லை. போதுமா? எட்டாம் தேதி வியாழக்கிழமை, பட்டாணி சூப் நாள். சூப் கெட்டியாக இருக்கும். புளூட்டோ என்று ஒட்டி வைத்த கடுகைத் தொலைக்காமல் கொண்டு வாருங்கள்.

ராக்னா


ஏரிக் குடிசை
3 பிப்ரவரி

என் ராக்னாவுக்கு,

ஒரு சங்கடம். புளூட்டோவை டிசம்பரிலேயே குருவி தின்றுவிட்டது. வெறும் கம்பத்துக்குத்தான் காவல் இருக்கிறேன். வேறு கடுகு எடுத்து வை.

இருபது வருஷம் முடியும்போது எனக்குத் தொண்ணூற்றொன்று. திரும்பி நடக்க முழங்கால் விடாது, ஃபோல்க்கேயிடம் இப்போதே சொல்லிவிடு.

புளூட்டோ ஏழாம் தேதி புதன்கிழமையே உள்ளே வந்துவிடுகிறது. நானும் அன்றைக்கே வருகிறேன். சூப் தண்ணியாக இருந்தாலும் பரவாயில்லை.

சிக்ஸ்டன்